வண்டியை அடுத்தவர் கையில் கொடுக்கத் தெரிய வேண்டும்

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதிலிருந்து பட்டுக்கோட்டையில் என் பட்டறைக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் சர்வீஸுக்கு வருவதில்லை. “ரேஸ் ஓட்டணும் ஐயா, எங்கே ஆரம்பிக்கிறது?” என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அதிராம்பட்டினத்திலிருந்து வருகிறார்கள், பேராவூரணியிலிருந்து வருகிறார்கள். ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து ஒரு பெண்பிள்ளை தன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சோழவரம் காலத்தில் பந்தயக் கார்களுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் நான். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் கொடி பிடித்து நின்றவன். அந்த உரிமையில், எல்லாருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாகச் சொல்கிறேன்.

1. எந்தப் பந்தயத்துக்கு ஆசைப்படுகிறாய் என்று முதலில் தெரிந்துகொள். நீ டிவியில் பார்க்கிற பார்முலா 1 இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு கார், ஒரு ஓட்டுநர். நெடுநேரப் பந்தயம் வேறு ஜாதி. ஒரே காரை மூன்று பேர், சில பந்தயங்களில் நான்கு பேர், மாறி மாறி ஓட்ட வேண்டும். அதற்குத் தாய்வீடு பிரான்சில் இருக்கும் லெ மான். 1923-ல் தொடங்கியது. ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி, மற்ற நாட்களில் ஊர்ச்சனம் போய்வருகிற சாதாரணச் சாலை. சனிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை மாலை வரை 24 மணி நேரம் ஓடும். 2012-ல் வென்ற ஆடி கார் 378 சுற்று ஓடியது. 5,100 கிலோமீட்டருக்கும் மேல். இங்கிருந்து சென்னைக்கு ஏழு தடவை போய்த் திரும்பினாலும் அவ்வளவு தூரம் வருவது சந்தேகம். எந்த ஆறு மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கே விதி. அந்த விதி வந்ததற்குப் பின்னால் நிறையக் கண்ணீர் இருக்கிறது.

2. பியர் லெவெக் என்ற பிரெஞ்சுக்காரரின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பந்தயத்துக்கு வராதே. 1952-ல் லெ மானுக்குத் தன் டால்போட் காரோடு வந்தார். பெரிய கம்பெனிகள் வந்திருந்த ஆண்டு அது. மெர்சிடிஸ் போருக்குப் பிறகு தன் வெள்ளிக் கார்களோடு திரும்பியிருந்தது. லெவெக்குக்குத் துணை ஓட்டுநராக ரெனே மார்ஷான் தயாராக நின்றார். லெவெக் அவருக்கு ஸ்டியரிங்கைக் கொடுக்கவே இல்லை. மாலை, இரவு, விடியல், மறுநாள் பகல் என்று தானே ஓட்டினார். பெட்ரோல் போட நிறுத்தியபோதெல்லாம் இறங்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். காரில் ஏதோ அதிர்வு தெரிந்தது, அதைத் தான் மட்டும்தான் பக்குவமாக ஓட்ட முடியும் என்று நினைத்தார் என்று பிற்பாடு சொல்லப்பட்டது. நான்கு சுற்று முன்னால் இருந்தார். பந்தயம் முடிய இன்னும் ஒரு மணி நேரத்துச் சொச்சம் இருக்கையில் எஞ்சின் உடைந்தது. களைப்பில் தவறான கியரில் போட்டுவிட்டார் என்றார்கள் சிலர். கிராங்க் ஷாஃப்ட்டில் முன்பே பழுது என்றார்கள் சிலர். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும், ஏறக்குறைய 23 மணி நேரம் தூங்காத மனிதனின் கையில் அந்தக் கார் இருந்தது. மெர்சிடிஸ் முதலிரண்டு இடத்தையும் எடுத்துக்கொண்டு போனது.

மூன்று ஆண்டு கழித்து அதே மெர்சிடிஸ் அவரைத் தன் காரில் ஏற்றியது. 1955 ஜூன் 11. முன்னால் போன ஒரு ஜாகுவார் பிட்டுக்குள் நுழைய பிரேக் போட்டது. அதைத் தவிர்க்க இன்னொரு கார் ஒதுங்கியது. பின்னால் வந்த லெவெக்கின் கார் அதன்மேல் ஏறி, மேட்டில் மோதிச் சிதறி, கூட்டத்துக்குள் விழுந்தது. அவரோடு பார்வையாளர்கள் 80 பேருக்கும் மேல் இறந்தார்கள். அந்த விபத்துக்கு அவர் காரணமில்லை. அவருக்கு ஒதுங்க இடமே இருக்கவில்லை. ஆனால் 1952-ல் நடந்தது அவர் தேர்ந்தெடுத்தது. எவ்வளவு பெரிய ஓட்டுநர், எவ்வளவு மன உறுதி! அந்த உறுதியில் ஒரு துளி, பக்கத்தில் நின்ற மார்ஷானை நம்புவதற்குப் போயிருந்தால் போதும். நான் இதை எத்தனை முறை நினைத்தாலும் மனசு ஆறுவதில்லை.

3. கைமாற்றும்போது உண்மையைச் சொல். தை மாசி அறுவடையில் நம் வயல்களுக்குக் கதிர் அறுக்கும் வண்டி வருகிறதே, அதன் ஓட்டுநர்கள் இரவு பகலாக மாற்றி மாற்றி ஓட்டுவதைப் பார்த்திருப்பாய். இறங்குகிறவர் வெறுமனே இறங்கிப் போவதில்லை. “கிழக்கு வரப்போரம் சேறு, செயின் இறங்கிடும், பிளேடு ஒரு பக்கம் மழுங்கிருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் டீக்குப் போவார். பந்தயத்தில் உனக்கு அதைவிடக் குறைவான நேரம். ஒருவர் இறங்கி ஒருவர் ஏறி பெல்ட் மாட்டி முடிப்பது நிமிஷக் கணக்குக்கூட இல்லை. அதனால் இறங்குவதற்கு முந்தைய சுற்றிலேயே ரேடியோவில் சொல்லிவிட வேண்டும்: பிரேக் பெடல் இறங்குகிறதா, எந்த டயர் தேய்ந்திருக்கிறது, எந்த வளைவில் எண்ணெய் சிந்தியிருக்கிறது. நீ தடுப்பில் லேசாக உரசியிருந்தால் அதையும் சொல். வெட்கப்பட்டு மறைத்தால், மணிக்கு 250 கிலோமீட்டரில் அதைக் கண்டுபிடிக்கப்போவது உன் கூட்டாளி.

4. கருண் சந்தோக்கைப் பார். சென்னைக்காரர், 1984-ல் பிறந்தவர். தாத்தா இந்து சந்தோக் காலத்திலிருந்து மோட்டார் பந்தயத்தில் ஊறிய குடும்பம். 2010-ல் ஹிஸ்பானியா அணியில் பார்முலா 1-க்குள் போனார். மறுவருஷம் லோட்டஸில் ஒரு பந்தயம். மொத்தம் 11 பந்தயத்தோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது. பலர் அங்கேயே கசந்துபோய் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் 2012-ல் ஜே.ஆர்.எம் அணியின் காரில், டேவிட் பிராபமோடும் பீட்டர் டம்பிரெக்கோடும் லெ மானுக்குப் போனார். பிராபம் முன்பே லெ மான் வென்றவர். டம்பிரெக் 1999-ல் அதே லெ மானில் கார் பறந்து மரங்களுக்கு நடுவே விழுந்தும் உயிரோடு வந்தவர். அந்த இருவருக்கு நடுவில் நம் பிள்ளை. லெ மானில் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். கார் ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தது. முன்னால் நின்ற ஐந்தில் நான்கு, ஆடி என்ற பெரிய கம்பெனியின் கார்கள். தனியார் அணியாக வந்து ஆறாவது இடம் பிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று பிட்டில் ஸ்பேனர் பிடித்தவர்களைக் கேள், சொல்வார்கள். அதற்கடுத்த ஆண்டுகளிலும் அவர் லெ மானுக்குத் திரும்பத் திரும்பப் போனார்.

5. காரில் இல்லாத நேரத்திலும் நீ பந்தயத்தில்தான் இருக்கிறாய். நரேன் கார்த்திகேயன், கோயம்புத்தூர்க்காரர், 2005-ல் ஜோர்டன் அணியில் பார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர், 2009-ல் கோலஸ் அணியின் ஆடி காரில் லெ மானுக்குப் போனார். ஆந்த்ரே லோட்டரர், சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மன் இருவரும் கூட்டாளிகள். எல்லாப் பயிற்சியும் முடிந்தது. பந்தயம் தொடங்குகிற நேரத்தில் பிட் சுவரிலிருந்து இறங்கும்போது தோள்பட்டை இறங்கிவிட்டது. ஒரு சுற்றுகூட ஓட்ட முடியாமல் போனது. மூன்று பேருடைய வேலையை மற்ற இருவரும் பகிர்ந்து செய்து காரை ஏழாவதாகக் கொண்டுவந்தார்கள். அந்த லோட்டரர்தான் பிறகு மூன்று முறை லெ மான் வென்றவர். நரேனுடையது யாருக்கும் வரக்கூடிய விபத்து. அதற்காக அவர் பட்ட வேதனையை நினைத்தால் எனக்கே தோள் வலிக்கும். உனக்கு நான் சொல்வது இதுதான்: பந்தய வாரத்தில் கிரிக்கெட் ஆடாதே, சுவர் ஏறிக் குதிக்காதே, யார் பைக்கையும் வாங்கி ஓட்டிப் பார்க்காதே. உன் உடம்பு அந்த வாரம் அணியின் சொத்து.

6. விலகத் தெரிந்திரு. துபாயில் பந்தயத்துக்குச் சில நாள் முன்னால் பயிற்சியில் அஜித்தின் போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்றது. அந்தக் காணொளியைப் பார்க்காதவர் இல்லை. எல்லாரும் அந்த மோதலைப் பற்றிப் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். அணி அவருடையது, பெயர் அவருடையது, மேடையெங்கும் ரசிகர்கள். அப்படி இருந்தும் அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து அவர் விலகி, மற்ற ஓட்டுநர்களிடம் ஒப்படைத்தார். தான் வேறொரு பிரிவில் வேறொரு காரில் ஓட்டினார். அவர் விலகிய கார்தான் மூன்றாவது இடம் வந்தது. ஐம்பது வயதைத் தாண்டி, உலகமே பார்த்துக்கொண்டிருக்கையில், ‘இந்தக் காரில் நான் இல்லாமல் இருப்பது அணிக்கு நல்லது’ என்று முடிவெடுப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! உனக்குக் காய்ச்சல் என்றால், கை நடுங்கினால், தூக்கம் போதவில்லை என்றால் வாயைத் திறந்து சொல். ஒரு முறை உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயப்படாதே. மறைத்து ஓட்டுகிறவனைத்தான் மறுமுறை கூப்பிட மாட்டார்கள்.

7. பெல்ட். லெ மானில் முன்பெல்லாம் ஓட்டுநர்கள் சாலையின் ஒரு பக்கம் நிற்பார்கள். கொடி விழுந்ததும் குறுக்கே ஓடி எதிர்ப்பக்கம் நிற்கிற காரில் குதித்து ஏறிக் கிளம்புவார்கள். பார்க்க அழகு. அவசரத்தில் பெல்ட் மாட்டாமலே பலர் கிளம்பினார்கள். 1969-ல் ஜாக்கி இக்ஸ் என்ற பெல்ஜியம் இளைஞர், எல்லாரும் ஓடும்போது தான் மட்டும் நிதானமாக நடந்து போய் ஏறி, பெல்ட்டை முழுதாக மாட்டிக் கடைசியில் கிளம்பினார். அன்று முதல் சுற்றிலேயே ஜான் வுல்ஃப் என்ற ஓட்டுநர் மோதி இறந்தார். கடைசியில் கிளம்பிய இக்ஸ், 24 மணி நேரம் கழித்து, நூறு மீட்டர் சொச்சம் இடைவெளியில் முதலாவதாக வந்தார். அடுத்த வருஷமே அந்த ஓட்டத் தொடக்கத்தைக் கைவிட்டார்கள். நீ இன்றைக்கு என் பட்டறைக்கு ஹெல்மெட் இல்லாமல் வந்திருந்தால், இந்தப் பத்தியை இன்னொரு முறை படி.

8. ஊர்ச் சாலையில் ரேஸ் கிடையாது. மனோராவிலிருந்து சேதுபாவாசத்திரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை நேராக இருக்கிறது என்று பையன்கள் பைக்கை முறுக்குகிறார்கள். அந்தச் சாலையில் தேங்காய் லோடு வரும், ஆடு குறுக்கே வரும், மீன்கூடையோடு ஆச்சி கடப்பாள். அவளுக்கு நீ ரேஸ் ஓட்டுவது தெரியாது. பந்தயத்தடத்தில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள், வளைவுக்கு வளைவு கொடியோடு ஆள் நிற்கிறார், ஆம்புலன்ஸ் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கிறது. அது எதுவும் இல்லாத இடத்தில் வேகம் காட்டுகிறவனுக்கு நான் ஒரு போல்ட்டுகூட முறுக்கித் தர மாட்டேன்.

9. ஓட்டுவதற்கு முன் கொடி பிடி. நான் சொல்வதிலேயே செலவில்லாத வழி இது, யாரும் கேட்பதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம் 1990-லிருந்து இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்பு போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில்தான் பந்தயம். ஜனம் திருவிழாக் கூட்டமாக வரும். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நடக்கும்போதெல்லாம் மார்ஷல் வேலைக்குத் தன்னார்வலர்கள் வேண்டும். பயிற்சி கொடுப்பார்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் உன்னைவிட வேகமான கார். மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தரையில் எண்ணெய். சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். வெயிலில் ஒரு வளைவில் நாள் முழுக்க நின்று பார். எந்த ஓட்டுநர் எங்கே பிரேக் போடுகிறார், யார் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கோட்டில் வருகிறார், யார் ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு டயரைக் கொன்றுவிடுகிறார் என்று உன் கண்ணுக்கே தெரியவரும். காசு கொடுத்தாலும் அந்தப் படிப்பு வேறெங்கும் கிடைக்காது.

10. பிறகு கார்ட்டிங். வாடகைக் கார்ட் ஓடுகிற தடங்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கின்றன. அதில் நேரம் நன்றாக வந்தால் பயிற்சிப் பள்ளி, அதன் சான்றிதழோடு எப்.எம்.எஸ்.சி.ஐ என்ற இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் உரிமம், அப்புறம் எல்.ஜி.பி பார்முலா 4 போல உள்நாட்டிலேயே ஓடுகிற பந்தயங்கள். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். அந்தக் ‘கரி’ எஸ். கரிவரதன். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் ஓட்ட வேண்டும் என்று மாருதி எஞ்சினை வைத்து இங்கேயே ஒற்றை இருக்கைக் கார்களைக் கட்டிய மனிதர். 1995-ல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். அவர் திறந்துவிட்ட அந்தப் பார்முலா மாருதி வழியாகத்தான் நரேனும் வந்தார். பிரான்சில் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்கு 1992-ல் போய்ப் படித்துத் திரும்பிய பிள்ளை, மறுவருஷம் இங்கே அந்தச் சின்னக் காரில் உட்கார்ந்து ஓட்டினார். சின்னக் காரை இளக்காரமாகப் பார்க்காதே.

11. வேகத்தைவிட ஒரே சீராக ஓட்டுவதைப் பழகு. ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவரை உட்கார வை. பத்து சுற்று ஓட்டு. பத்தும் அரை விநாடிக்குள் அடங்கினால் நீ இந்தப் பந்தயத்துக்கு ஆள். ஒரு சுற்று பிரமாதம், மூன்று சுற்று சுமார், ஒன்று மண்ணில் என்றால் இன்னும் பழக வேண்டும்.

12. கண்ணாடியைப் பார். நெடுநேரப் பந்தயத்தில் வேகமான புரோட்டோடைப் கார்களும் அவற்றைவிட மெதுவான ஜி.டி கார்களும் ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. லெ மானில் 60-க்கும் மேற்பட்ட கார்கள். நீ மெதுவான காரில் இருந்தால் உன் கோட்டிலேயே போ. வழிவிடுகிறேன் என்று திடீரென ஒதுங்காதே. பின்னால் வருகிறவர் நீ எங்கே இருப்பாய் என்று கணக்குப் போட்டுவைத்திருப்பார். அந்தக் கணக்கைக் கலைத்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. நீ வேகமான காரில் இருந்தால், முன்னால் போகிறவர் மூன்று மணி நேரமாக அந்தச் சூட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைத்து முந்து.

13. இரவு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பந்தயங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இருட்டில்தான்.

ஆன்ரி பெஸ்கரோலோ என்ற பிரெஞ்சுக்காரர் 33 முறை லெ மான் ஓட்டியிருக்கிறார். வேறு யாரும் அத்தனை முறை ஓட்டியதில்லை. 1972, 1973, 1974, 1984 என நான்கு முறை வென்றார். 1968-ல் மத்ரா காரில் இரவு முழுக்க மழை. வைப்பர் வேலை செய்யவில்லை. கூட்டாளி செர்வோ-கவான், இந்த நிலையில் ஓட்ட முடியாது என்று இறங்கிவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த பெஸ்கரோலோவை எழுப்பினார்கள். அவர் ஏறி, கண்ணாடி தெரியாத மழையில் அந்தக் காரை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். மறுநாள் பகலில் டயர் வெடித்துப் பந்தயம் முடிந்தது. பிரான்சில் அவர் பெயர் வீடுதோறும் தெரிந்தது அந்த ஒரு இரவில்தான். பையன்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எனக்கு செர்வோ-கவானையும் பிடிக்கும். முடியாது என்று சொன்னவர் கோழை இல்லை. அவர் சொன்னதால்தான், ஓய்வெடுத்து எழுந்த ஒருவர் அந்தக் காரில் ஏற முடிந்தது. அடுத்த வருஷம் அதே லெ மானின் நேர்சாலையில் சோதனை ஓட்டத்தின்போது பெஸ்கரோலோவின் கார் காற்றில் கிளம்பி எரிந்தது, முகமெல்லாம் தீக்காயம். அதற்குப் பிறகுதான் அந்தத் தாடி. அதற்குப் பிறகுதான் நான்கு வெற்றியும். ஒரு ராத்திரி சாகசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன்பின் முப்பது ஆண்டு கார்களைக் காப்பாற்றி வீடு கொண்டுவந்த மனிதரை விட்டுவிடாதே.

தூக்கத்தைப் பற்றி. மல்லிப்பட்டினத்திலிருந்து இரவில் மீன் ஏற்றிப் போகிற லாரி ஓட்டுநர்களோடு உட்கார்ந்து பேசு. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கண் திறந்தபடியே மூளை தூங்குவது எப்படி இருக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். எதிர்வண்டி வெளிச்சத்தை நேராகப் பார்க்காமல் இடது ஓரத்தைப் பார்க்க அவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பந்தயத்தில் உன் முறை முடிந்ததும் சட்டையை மாற்று, கொஞ்சம் சாப்பிடு, உடனே படு. போனைத் தொடாதே. தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் கண்ணை மூடிப் படுத்திரு. பிட்டில் நின்று வேடிக்கை பார்க்கிறவன் அடுத்த முறை ஏறும்போது பாதி ஆள்.

14. உடம்பு. மூடிய காரின் உள்ளே, தீப்பிடிக்காத உடுப்பு, ஹெல்மெட், கையுறையோடு நம் ஊர்ச் சித்திரை வெயிலைவிட மோசமான சூடு. தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடி. உப்பு, எலுமிச்சை சேர்த்துக்கொள். கழுத்துக்கும் முதுகுக்கும் தினமும் பயிற்சி. பந்தய நாளில் பரோட்டா, பிரியாணி வேண்டாம்; கஞ்சி, வாழைப்பழம் போதும். ஜிம்மில் புஜத்தைப் பெருக்குவது போட்டோவுக்கு உதவும், சீட்டில் இடிக்கும்.

15. பணம். மறைக்காமல் சொல்கிறேன். இது செலவான விளையாட்டு. டயர் ஒரு நாளில் தீரும், மோதினால் கட்டணம் உன் தலையில். கஜா புயலில் தென்னை போன பிறகு இந்த ஊரில் எத்தனை வீடு இன்னும் நிமிரவில்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவின் நஞ்சையை விற்காதே. அம்மாவின் நகையை அடமானம் வைக்கச் சொல்லாதே. ஸ்பான்சர் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிற எவனையும் நம்பாதே. ஸ்பான்சர் உனக்குப் பணம் தருவார், உன்னிடம் வாங்க மாட்டார். ஒரு வருஷம் வேலைக்குப் போய்ச் சேர்த்து, புதியவர்களுக்கான பந்தயம் ஒன்றில் ஓட்டிப் பார். வீட்டில் கம்ப்யூட்டரும் ஸ்டியரிங்கும் இருந்தால் சிமுலேட்டரில் பழகுவதும் வீண் இல்லை. வீடியோ விளையாட்டுப் போட்டியில் 2011-ல் தேர்வான ஜான் மார்டன்பரோ என்ற பிரிட்டிஷ் பையன் 2013-லேயே லெ மானில் ஓட்டினான். ஆனால் அவனைத் தேடி எடுத்து, பயிற்சி கொடுத்துச் செலவு செய்தது ஒரு பெரிய கார் கம்பெனி. உனக்கு அப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று வீட்டில் கணக்குப் போடாதே.

16. பெண்பிள்ளைகளுக்கு. மேலே சொன்னது எல்லாம் உனக்கும்தான் அம்மா. கூடுதலாக ஒன்று: 1975-ல் மிஷேல் மூட்டோன், கிறிஸ்டின் தக்ரெமோன், மரியான் ஹோஃப்னர் என்ற மூன்று பிரெஞ்சுப் பெண்கள் ஒரே காரை லெ மானில் ஓட்டி இரண்டு லிட்டர் பிரிவில் வென்றார்கள். மூட்டோன் பிறகு ராலியில் ஆண்களை நேருக்கு நேர் தோற்கடித்து, 1982 உலகப் பட்டத்தில் இரண்டாவதாக வந்தார். சென்னையில் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் ஓட்டிப் பெயர் எடுத்தவர். இந்த விளையாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பந்தயம் கட்டாயமில்லை. ஒரே தடம், ஒரே கடிகாரம். ஒரத்தநாட்டு அப்பாவுக்கும் சொல்கிறேன்: அவள் கார்ட்டிங் போகட்டும், நீங்களும் கூடப் போங்கள், போகிற வழியில் கேள்வி கேட்டுக்கொண்டே போங்கள்.

17. எல்லாரும் ஓட்டுநர் ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. ஒரு கார் 24 மணி நேரம் ஓட எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் தெரியுமா? டயர் மாற்றுகிறவர், பெட்ரோல் ஊற்றுகிறவர், பிரேக் பேட் மாற்றுகிறவர், எப்போது பிட்டுக்குக் கூப்பிடுவது என்று கணக்குப் போடுகிற இன்ஜினியர், சமையல்காரர், வைத்தியர். தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள், கோயம்புத்தூரில் கரி தடத்தில் நடக்கிற பார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரியிலிருந்து அணி சேர்த்துப் போகலாம். காரை நீங்களே வரைந்து, நீங்களே வெல்டிங் வைத்து, நீங்களே ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் ஒரு முறை தோற்று வந்தவனுக்கு எந்தப் பட்டறையும் கதவைத் திறக்கும். என் கையில் பிடித்த கிரீஸ் இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்ற ஆசையும் இல்லை. சோழவரத்தில் ஒரு கார் கடைசிச் சுற்றில் என் முன்னால் முழு எஞ்சின் சத்தத்தோடு போனபோது எனக்கு வந்த சந்தோஷம் ஓட்டியவருக்கு வந்ததைவிடக் குறைந்தது என்று நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

18. ஒரு நோட்டுப் புத்தகம் வை. கார்ட் ஓட்டினாலும், கொடி பிடித்தாலும், பட்டறையில் வேலை பார்த்தாலும் அன்றே எழுது: தேதி, தடம், வெயிலா மழையா, டயரில் எவ்வளவு காற்று, எத்தனை சுற்று, எது நன்றாக வந்தது, வண்டி எங்கே இழுத்தது, எங்கே பயந்தாய். உனக்கு மட்டும் புரிகிற சுருக்கெழுத்து வேண்டாம். அந்த நோட்டை இன்னொருவர் எடுத்துப் படித்துவிட்டு நாளைக்கு அதே வண்டியை ஓட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்து எழுது.